கிணத்துக்கடவு முதல் பரம்பிக்குளம் வரை – ஒரு மலைச்சாலையின், சில ஏரிகளின் வரலாறு

உலகத்தில் பேர்போன சுற்றுலாப் பாதைகளில் ஒரு வகை உண்டு. மலைச்சாலையில் வளைந்து வளைந்து ஏறி, கடைசியில் ஒரு நீர்க்கரைக்கு வந்து, அங்கே படகேறி மலைகளுக்கு நடுவே போவது. நார்வே நாட்டின் கெய்ராங்கர், நியூசிலாந்தின் மில்ஃபோர்டு சவுண்டு எல்லாம் இந்த வகைதான். நாட்காட்டிப் படங்களில் பலரும் பார்த்திருப்பார்கள். நீல நிறத் தண்ணீர், அதன் இருபுறமும் செங்குத்தான பாறைச் சுவர், மேலே வெள்ளைப் பனி.

அந்தப் பள்ளத்தாக்குகளைத் தோண்டியது பனியாறு. பல நூறு மீட்டர் கனமுள்ள பனிக்கட்டி, ஆண்டுக்கணக்கில் மெல்ல நகர்ந்து, அடியில் சிக்கிய கற்களால் பாறையைத் தேய்த்துத் தேய்த்துப் பள்ளத்தைத் தொட்டி போல அகலமாக்கிவிடும். ஆறு அறுக்கும் பள்ளம் அப்படி இருக்காது. ஏர் உழுத சால் மாதிரி மேலே விரிந்து, அடியில் குறுகி இருக்கும். பனியாறு உருகிப் பின்வாங்கியதும் அந்தத் தொட்டிக்குள் கடல் புகுந்தது. மனிதன் பிறகு வந்து சாலை மட்டும் போட்டான்.

அந்தச் சாலையும் சும்மா வந்துவிடவில்லை. மில்ஃபோர்டுக்குப் போகும் வழியில் ஹோமர் சுரங்கம் இருக்கிறது. நீளம் சுமார் 1.2 கிலோமீட்டர்தான். 1935இல், உலகப் பொருளாதார மந்தத்தில் வேலை இழந்தவர்களைக் கொண்டு, கடப்பாறையும் மண்வெட்டியுமாக அதைத் தொடங்கினார்கள். பனிச்சரிவில் தொழிலாளர்கள் செத்தார்கள். நடுவில் போர் வந்து வேலை நின்றது. வாகனங்களுக்கு வழி திறந்தது 1954இல்.

கிணத்துக்கடவில் பஸ் ஏறுகிறவருக்கும் இதே மாதிரி ஒரு பயணம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. மழை விட்ட காலையில் பொன்மலை வேலாயுதசாமி கோயில் குன்றில் நின்று தெற்கே பார்த்தால் ஆனைமலைத் தொடர் நீலமாகத் தெரியும். இருபது கிலோமீட்டரில் பொள்ளாச்சி. அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குள் ஆழியாறு அணை. அதன் பக்கத்திலேயே நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட வால்பாறைச் சாலை தொடங்கிவிடுகிறது. மேலே போனால் சோலையாறு நீர்த்தேக்கம். வேறொரு வழியாக, சேத்துமடை, டாப்சிலிப் தாண்டிப் போனால் பரம்பிக்குளம்.

மலை, வளைவு, பாறை, தண்ணீர் எல்லாம் இருக்கின்றன. ஒன்றே ஒன்று இல்லை. இங்கே பனியாறு எதையும் செதுக்கவில்லை. இந்த மலைகளில் இன்று தெரியும் நீர்ப்பரப்புகளில் எதுவும் இயற்கையின் ஏரி கிடையாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு கோப்பு இருக்கிறது, ஓர் ஒப்பந்த விதி இருக்கிறது, "முழு மட்டம் இத்தனை அடி" என்று ஒரு கணக்கும் இருக்கிறது. ஆகவே இந்தப் பயணத்தின் வரலாறு என்பது பெரும்பாலும் இவற்றை யார் கட்டினார்கள், யாருக்காகக் கட்டினார்கள், அங்கே அதற்கு முன் யார் இருந்தார்கள் என்பதுதான்.

பனி பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மேலே போகலாம். ஆனைமலையில் பனியாறு ஓடவில்லை என்றாலும், பனியுகத்தின் குளிர் தெற்கே எட்டாமல் இல்லை. கடைசிப் பனியுகத்தில் பருவமழை குறைந்து, உயர்ந்த மலைகளின் தாவரங்கள் மாறியதற்கான தடயங்களை நீலகிரியின் சதுப்பு மண்ணிலிருந்து அறிவியலாளர்கள் எடுத்திருக்கிறார்கள். இமயமலைப் பக்கத்து உயிரினங்களுக்கு உறவானவை சில, நடுவில் எங்கும் இல்லாமல் தென்னக மலை உச்சிகளில் மட்டும் இருப்பதற்கும் அந்தக் குளிர்காலமே காரணம் என்று நெடுங்காலமாக ஒரு வாதம் உண்டு. தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாட்டை இதற்கு உதாரணமாகச் சொல்வார்கள். (அது இமயமலைத் தாரைவிடச் செம்மறி ஆட்டுக்கே நெருங்கிய உறவு என்று பின்னாளைய மரபணு ஆய்வுகள் கூறின. வாதம் முடியவில்லை!) அந்த வரையாட்டை வால்பாறைச் சாலையின் ஒன்பதாவது வளைவில், பஸ் ஜன்னலில் இருந்தபடியே பலர் பார்த்திருக்கிறார்கள்.

அந்த ஒன்பதாவது வளைவுக்கு லோம்ஸ் வியூ பாயிண்ட் என்று பெயர். சாலையை அமைத்த லோம் என்ற ஆங்கிலேயப் பொறியாளரின் நினைவாக வந்த பெயர். கீழே ஆழியாறு நீர்த்தேக்கம் முழுவதும் அங்கிருந்து தெரியும். ஆனால் லோம் அங்கே நின்ற காலத்தில் அந்தத் தண்ணீர் இல்லை. அவர் பார்த்தது ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கை. இன்று அவர் பெயரைச் சொல்லி ரசிக்கப்படும் காட்சியை அவர் பார்த்ததே இல்லை.

சாலை வந்த காரணம் காட்சி அல்ல, தோட்டம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலேயே வால்பாறைப் பக்கம் காப்பி பயிரிட முயன்றார்கள், நிலைக்கவில்லை. 1890களில் கார்வர் மார்ஷ் போன்ற தோட்டக்காரர்கள் வந்த பிறகுதான் காடு வேகமாக அழிந்து தோட்டமானது. பின்னர் காப்பியின் இடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது. விளைந்ததைக் கீழே இறக்கவும், அரிசியையும் ஆட்களையும் மேலே ஏற்றவும் சாலை வேண்டியிருந்தது. மார்ஷுக்கு மலைப்பாதை ஓரத்தில் சிலை இருக்கிறது. போகிறவர்கள் வண்டியை நிறுத்திப் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

சாலை போட்ட கைகளுக்கும், காட்டை வெட்டிக் கொழுந்து நட்ட கைகளுக்கும் அந்த மாதிரி சிலை இல்லை. அவர்கள் பெரும்பாலும் சமவெளியில் பஞ்சத்தாலும் கடனாலும் நொந்துபோன ஏழைகள். முன்பணம் கொடுத்து ஆள் பிடித்து வரும் மேஸ்திரிகளின் பின்னால் மலையேறியவர்கள். மேலே குளிர், அட்டை, மலேரியா. முன்பணக் கடன் தீராதவரை கீழே இறங்க முடியாது. அவர்களைப் பற்றி ஒரு நாவல் இருப்பது நல்லதாயிற்று. ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராக வேலை பார்த்த பி.எச்.டேனியல் ஆங்கிலத்தில் எழுதி 1969இல் வெளியான அந்நூல், பிற்பாடு இரா.முருகவேள் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' என்று தமிழுக்கு வந்தது. 2013இல் வந்த 'பரதேசி' திரைப்படத்துக்கு ஆதாரம் அதுவே. ஹோமர் சுரங்கத்தை வெட்டியவர்களுக்கு வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகும் உரிமையாவது இருந்தது. இவர்களுக்கு அதுகூட எளிதாக இல்லை.

சாலை வந்த கதை இது. தண்ணீர் வந்த கதை கீழே, சமவெளியில் தொடங்குகிறது.

கிணத்துக்கடவு என்ற பெயரிலேயே கிணறு இருக்கிறது. கொங்கு நாட்டின் இந்தப் பகுதி பாலக்காட்டுக் கணவாய்க்கு எதிரே உள்ளது. தென்மேற்குப் பருவத்தில் காற்று பலமாக அடிக்கும், சாரல் தூறும், வானம் இருண்டு கிடக்கும். ஆனால் உழவுக்குப் போதுமான மழை கிடைப்பது அரிது. கோயம்புத்தூர்ப் பக்கம் ஆண்டு முழுவதும் பெய்வது அறுநூறு எழுநூறு மில்லிமீட்டர். அதே காற்று ஆனைமலையில் மோதும்போது கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது. வால்பாறையை ஒட்டிய சின்னக்கல்லாறு தமிழ்நாட்டில் மிக அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. நடுவில் நூறு கிலோமீட்டர்கூட இல்லை. அந்த மழையோ மேற்கே ஓடி அரபிக்கடலில் கலந்துவிடும்.

இந்தப் பக்கத்து உழவர்கள் பாறையை உடைத்து ஆழமாகக் கிணறு வெட்டினார்கள். மாடு கட்டிக் கவலை இறைத்தார்கள். 1930களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் மோட்டார் வைத்தார்கள். மோட்டார் வந்ததும் தண்ணீர் இன்னும் கீழே போனது. "மலையில் இவ்வளவு தண்ணீர் வீணாகப் போகிறதே, அதை இங்கே திருப்பினால் என்ன?" என்ற எண்ணம் அப்படிப்பட்ட ஊர்களில் தோன்றியதில் ஆச்சரியம் இல்லை. 'வீண்' என்ற சொல்லைக் கொஞ்சம் யோசித்துத்தான் பயன்படுத்த வேண்டும். மேற்கே சாலக்குடி ஆற்றங்கரையில் இருப்பவர்களுக்கு அந்தத் தண்ணீர் வீணாகத் தெரிந்திருக்காது. எனினும் இங்கே எண்ணம் அதுதான்.

இதற்காக உழைத்தவர்களாகப் பொள்ளாச்சி வட்டாரத்தில் இன்றும் நன்றியோடு சொல்லப்படும் பெயர்கள் வேட்டைக்காரன்புதூர் வி.கே.பழனிச்சாமி கவுண்டர், சி.சுப்பிரமணியம், நா.மகாலிங்கம், முதலமைச்சர் காமராஜர். சி.சுப்பிரமணியம் பொள்ளாச்சி அருகே செங்குட்டைப்பாளையத்தில் 1910இல் பிறந்தவர். அந்தக் காலத்தில் சென்னை மாநில அமைச்சரவையில் நிதி அவர் கையில் இருந்தது. பின்னாளில் நாட்டின் வேளாண் அமைச்சராகிப் பசுமைப் புரட்சிக்காக அறியப்பட்டவரும் அவரே.

ஆனால் விருப்பம் மட்டும் போதாது. தண்ணீர் இருந்த இடம் வேறு மாநிலம். பரம்பிக்குளம் முன்பு கொச்சி சமஸ்தானத்துக் காடு. 1956 நவம்பர் 1ஆம் தேதி மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிந்தபோது அது கேரளத்தில் அமைந்தது. சென்னையில் காமராஜரும் கேரளத்தில் ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாடும் முதலமைச்சர்களாக இருந்த காலத்தில் பேச்சு நடந்தது. காகிதத்தில் ஒப்பந்தம் கையெழுத்தானது 1970 மே 29 அன்று. ஆனால் அது 1958 நவம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்ததாகவே அதில் எழுதப்பட்டது. அதாவது முதலில் வேலை, பின்பு கையெழுத்து! 1961 அக்டோபர் 7ஆம் தேதி பிரதமர் நேரு வந்து திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அடுத்த ஆண்டே ஆழியாறு அணையில் தண்ணீர் நின்றது. இன்றைக்கு இரண்டு அரசுகள் ஒரு மதகைச் சரிசெய்யக் கடிதம் எழுதும் வேகத்தோடு ஒப்பிட்டால் இது நம்ப முடியாத வேகம்.

ஒப்பந்தப்படி ஆனைமலையாறு, நீராறு, சோலையாறு, பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம், ஆழியாறு, பாலாறு என எட்டு ஆறுகளை இணைக்க வேண்டும். மலைக்குள் இது எப்படி நடக்கிறது என்பது தனி அழகு. நீராற்றில் தடுத்த தண்ணீர் சுரங்கம் வழியாகச் சோலையாறு அணைக்கு வருகிறது. அங்கிருந்து மின்சாரம் எடுத்துக்கொண்டு மலையைக் குடைந்து பரம்பிக்குளம் போகிறது. பரம்பிக்குளத்திலிருந்து இன்னொரு சுரங்கத்தில் தூணக்கடவு. அதை ஒட்டிய பெருவாரிப்பள்ளத்தையும் வெட்டி இணைத்திருக்கிறார்கள். பிறகு மறுபடியும் சுரங்கம், அதன் முடிவில் சர்க்கார்பதி மின்நிலையம். அங்கே மலையை விட்டு வெளியே வரும் தண்ணீரில் ஒரு பங்கு ஆழியாற்றுக்குத் திரும்புகிறது. மற்றது மலையடிவாரத்தை ஒட்டிச் சுமார் 49 கிலோமீட்டர் நீளும் காண்டூர் கால்வாயில் திருமூர்த்தி அணைக்குச் சென்று, அங்கிருந்து உடுமலை, பல்லடம், காங்கேயம் பக்கத்து வயல்களுக்குப் பிரிகிறது. மேற்குக் கடலுக்குப் போக வேண்டிய மழை, மூன்று நான்கு மலைகளின் வயிற்றுக்குள் புகுந்து கிழக்குச் சீமைக் கரிசலுக்கு வந்துவிட்டது. பனியாறு பல்லாயிரம் ஆண்டுகளில் பாறையைக் குடைந்தது என்றால், இங்கே வெடிமருந்தும் கூலியாட்களும் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் குடைந்தார்கள்.

இந்த அமைப்பில் விசித்திரம் ஒன்று உண்டு. பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் மூன்று அணைகளும் கேரள மண்ணில் இருக்கின்றன. மதகைத் திறப்பதும் மூடுவதும் தமிழ்நாடு. அதற்குப் பதில் போல, கேரளத்துப் பரம்பிக்குளத்துக்குச் சாலை வழியாகப் போக வேண்டுமானால் தமிழ்நாட்டுச் சேத்துமடையும் டாப்சிலிப்பும் தாண்டித்தான் போக வேண்டும். பயணி இரண்டு மாநிலச் சோதனைச் சாவடிகளில் நின்று போகிறார். தண்ணீர் எந்தச் சாவடியிலும் நிற்பதில்லை. ஆனால் கணக்கில் நிற்கிறது. ஒப்பந்தப்படி கேரளத்துக்கு ஆண்டுதோறும் சோலையாற்றில் 12.3 டி.எம்.சி., ஆழியாற்றில் மணக்கடவு என்ற இடத்தில் 7.25 டி.எம்.சி. தர வேண்டும். (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி.) மணக்கடவில் அளந்து விடும் தண்ணீர் சித்தூர்ப் பகுதி உழவர்களுக்கு. அங்கேயும் நெல் காய்ந்தால் சாலை மறியல் நடக்கும். இங்கே நடப்பதும் அதுவே.

ஆழியாறு அணையின் முழு மட்டம் 120 அடி, கொள்ளளவு 3.86 டி.எம்.சி. பரம்பிக்குளம் 72 அடிதான், ஆனால் கொள்வது 17.82 டி.எம்.சி. பாத்திரத்தின் ஆழம் முக்கியம் இல்லை, வாய் எவ்வளவு அகலம் என்பதே முக்கியம் என்று இதைப் பார்த்தால் புரியும். சோலையாறு 160 அடி. சுற்றுலாக் கையேடுகளும் இணையப் பக்கங்களும் சோலையாற்றை "ஆசியாவின் இரண்டாவது ஆழமான அணை" என்று ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதிக்கொண்டே வருகின்றன. அணையின் உயரம் சுமார் 105 மீட்டர். பஞ்சாப் பக்கத்துப் பக்ரா அணை 226 மீட்டர், உத்தரகண்டின் தெகரி 260 மீட்டர். இந்தியாவுக்குள்ளேயே கணக்கு உதைக்கிறது, ஆசியா வரை போக வேண்டியதில்லை. சோலையாற்றின் அழகுக்கு இந்தப் பொய்ப் பட்டம் தேவையும் இல்லை.

வால்பாறைச் சாலையில் போகிறவர்கள் கண்ணுக்குத் தெரியாத இன்னொன்றும் மலைக்குள் இருக்கிறது. காடம்பாறை நிலத்தடி மின்நிலையம். நூறு மெகாவாட் வீதம் நான்கு இயந்திரங்கள், 1980களின் இறுதியில் ஓடத் தொடங்கின. மின்சாரம் மிச்சமிருக்கும் நேரத்தில் மேல் ஆழியாறு அணைத் தண்ணீரை மேலே காடம்பாறை அணைக்கு ஏற்றுவார்கள். தேவை கூடும் நேரத்தில் அதே தண்ணீரைக் கீழே விட்டு மின்சாரம் எடுப்பார்கள். கவலை ஏற்றத்தில் மாடு முன்னும் பின்னும் நடந்த மாதிரி, அங்கே ஒரே தண்ணீர் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது.

சரி, இந்தப் பள்ளத்தாக்குகளில் அதற்கு முன் யார் இருந்தார்கள்?

காடர்கள் இருந்தார்கள். ஆனைமலைக் காடுகளின் மிகப் பழைய மக்கள். தேனும் கிழங்கும் எடுத்து, இடம் மாறி மாறி வாழ்ந்தவர்கள். எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய தொகுதிகளில் அவர்களைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். ஆஸ்திரியாவில் இருந்து வந்து சென்னைப் பல்கலைக்கழகத்தில் மானுடவியல் கற்பித்த எரன்பெல்ஸ், கொச்சிப் பக்கத்துக் காடர்களைப் பற்றித் தனி நூலே எழுதி 1952இல் வெளியிட்டார். அந்த நூல் வந்து பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் அதில் பேசப்பட்ட காட்டின் ஒரு பகுதி தண்ணீருக்கு அடியில் போய்விட்டது.

அவர்கள் நகர்த்தப்பட்டது அணையால் மட்டும் அல்ல. ஆங்கிலேயர் காலத்தில் தேக்குக்காகக் காடு வெட்டப்பட்டது. டாப்சிலிப் என்ற பெயரே மேலிருந்து மரங்களைச் சரிவில் உருட்டிவிட்ட இடம் என்பதால் வந்தது. (வெட்டிய காட்டை மீண்டும் வளர்த்த ஹியூகோ வுட் என்ற வன அதிகாரியின் கல்லறையும் அதன் அருகே இருக்கிறது. 1933இல் இறந்த அவர், தான் நட்ட தேக்குகளுக்கு நடுவே புதைக்கப்பட்டார். கைத்தடியால் குத்திக் குத்தி விதை போட்டுக்கொண்டே நடப்பார் என்று சொல்வார்கள்.) மறுபக்கம் கொச்சி சமஸ்தானம் 1907 முதல் பரம்பிக்குளத்திலிருந்து சாலக்குடிக்கு மரம் கொண்டுபோக ஒரு டிராம் பாதை நடத்தியது. மலைச்சரிவுகளில், இறங்கும் பாரத்தின் எடையே காலிப் பெட்டிகளை மேலே இழுக்கும். இருந்திருந்தால் இன்றைக்கு உலகம் முழுவதும் இருந்து ஆட்கள் அதைப் பார்க்க வந்திருப்பார்கள். 1963இல் மூடிவிட்டார்கள்.

தேக்கு, டிராம், தேயிலை, பிறகு அணை. ஒவ்வொன்றும் வரும்போது காடர்கள் ஓர் அடி தள்ளிப் போனார்கள். நீர் ஏறிய பள்ளத்தாக்குகளில் இருந்து சிலர் பரம்பிக்குளத்துக்குள்ளேயே வேறு மேட்டுக்குப் போனார்கள். சிலர் சாலக்குடி ஆற்றின் போக்கில் கீழே இறங்கி வாழச்சால் பக்கம் போனார்கள். பரம்பிக்குளத்தில் ஒரு பழங்குடிக் குடியிருப்பின் பெயர் 'எர்த் டேம் காலனி'. மண் அணையை ஒட்டிய காலனி என்பதால் அந்தப் பெயர். ஓர் ஊருக்கு மரத்தின் பெயரோ ஆற்றின் பெயரோ இருக்கலாம். ஒரு பழங்குடி ஊருக்குப் பொதுப்பணித்துறையின் ஆங்கிலச் சொல் பெயராக அமைந்திருப்பது, நடந்ததை எந்த அறிக்கையையும்விடத் தெளிவாகச் சொல்லிவிடுகிறது.

இது பழைய கதை என்று முடித்துவிட முடியாது. 2019 ஆகஸ்ட் மழையில் வால்பாறை அருகே கல்லாறு காடர் குடியிருப்பில் நிலம் சரிந்தது. அவர்களைத் தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளில் தங்கவைத்தார்கள். காட்டை விட்டுத் தோட்டத்தில் இருக்க அவர்களுக்கு மனம் இல்லை. தங்களுக்குப் பழக்கமான தெப்பக்குளமேட்டில் இடம் வேண்டும் என்று கேட்டார்கள், போராடினார்கள். நீண்ட இழுபறிக்குப் பிறகே அந்த இடம் அவர்களுக்குக் கிடைத்தது. நூறாண்டுகளாக ஆனைமலையில் மற்றவர்களுக்கு இடம் கொடுத்துக்கொண்டே வந்தவர்களுக்கு, ஒரு மேடு கேட்டு வாங்க இவ்வளவு பாடு!

பரம்பிக்குளம் நீர்த்தேக்கத்தில் கேரள வனத்துறை மூங்கில் தெப்பத்தில் பயணிகளை அழைத்துப் போவதுண்டு. வழிகாட்டிகளாக இருப்பவர்களில் பலர் அப்பகுதிப் பழங்குடியினர். எஞ்சின் சத்தம் இல்லாமல் துடுப்புச் சத்தம் மட்டும் கேட்கும். கரையில் யானை தண்ணீர் குடிக்க வரும். நீர் குறைந்த கோடையில் பட்ட மரங்களின் அடிக்கட்டைகள் வெளியே தலை நீட்டும். மில்ஃபோர்டில் படகுக்குக் கீழே இருப்பது பனியாறு குடைந்த பாறை. இங்கே தெப்பத்துக்குக் கீழே இருப்பது, தெப்பம் தள்ளுகிறவரின் தாத்தா கிழங்கு தோண்டிய நிலமாக இருக்கக்கூடும்.

ஆழியாறு அணைப் படகு சவாரி இவ்வளவு யோசிக்க வைப்பதில்லை. அது குடும்பத்தோடு போகிற இடம். ஆடிப்பெருக்கு அன்று கோயம்புத்தூர், பொள்ளாச்சி, கிணத்துக்கடவுப் பக்கத்துச் சனம் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வந்து பூங்காவில் உட்கார்ந்து சாப்பிட்டு, மீன் வறுவல் வாங்கி, குரங்கு அருவியில் குளித்துவிட்டு மாலையில் திரும்பும். ஆடிப்பெருக்கு ஆற்றில் புதுவெள்ளம் வருவதைக் கொண்டாடும் நாள். அணையில் கொண்டாடுவது கொஞ்சம் வேடிக்கைதான். ஆனாலும் தென்மேற்குப் பருவத்தில் மேலிருந்து தண்ணீர் வந்து அணை நிறைகிற மாதமும் அதுவே என்பதால், கொண்டாட்டம் முற்றிலும் பொருத்தமில்லாதது என்று சொல்ல முடியாது.

கீழே உழவர்களுக்குத் திட்டம் என்ன கொடுத்தது? நிறையவே கொடுத்தது. தரிசாகக் கிடந்த மேட்டாங்காட்டில் தென்னை நிற்கிறது. வாய்க்கால் ஓடும் நாட்களில் பக்கத்துக் கிணறுகளில் ஊற்று ஏறுகிறது. அம்பராம்பாளையத்தில் ஆழியாற்றிலிருந்து எடுக்கும் தண்ணீர் குடிநீராகக் கிணத்துக்கடவுப் பக்கத்து ஊர்கள் வரை வருகிறது. ஆனால் பந்தியில் இலை கூடிக்கொண்டே போனது, சோற்றுப் பானை அப்படியே இருந்தது. பரம்பிக்குளம் தொகுப்பின் பாசனப் பரப்பு பின்னாட்களில் விரிந்து சுமார் 3.77 லட்சம் ஏக்கர் ஆனது. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் விடத் தண்ணீர் இல்லை என்பதால் நான்கு மண்டலங்களாகப் பிரித்து முறை வைத்தார்கள். ஒரு மண்டலத்துக்கு இந்த ஆண்டு வந்தால் மறுபடி வர ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஆகும். இடையில் கடைமடைக்காரர் வாய்க்காலில் திருட்டுத்தனமாகக் குழாய் போடுபவர்களைப் பற்றிப் புகார் கொடுத்துக்கொண்டிருப்பார். எட்டு ஆறுகளில் முதலாவதான ஆனைமலையாறு இன்னும் இணைக்கப்படவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒப்பந்தத்தை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று எழுதியிருக்கிறது. 1988இல் அது நடந்திருக்க வேண்டும். கூட்டங்கள் நடந்தன, புதிய உடன்பாடு வரவில்லை.

கட்டியவையும் பழசாகி வருகின்றன. 2022 செப்டம்பர் 21 அதிகாலையில் பரம்பிக்குளம் அணையின் மூன்று மதகுகளில் ஒன்று அப்படியே உடைந்து அடித்துச் செல்லப்பட்டது. யாரும் திறக்காமலே தண்ணீர் தன் பழைய வழியில், சாலக்குடி ஆற்றில் போனது. கேரளத்தில் கரையோர மக்களுக்கு எச்சரிக்கை கொடுத்தார்கள். சுமார் 6 டி.எம்.சி. வெளியேறிய பிறகே ஓட்டம் நின்றது. ஆழியாறு அணை முழுதாகக் கொள்ளும் அளவைவிட ஒன்றரை மடங்கு தண்ணீர் அது. புதிய மதகு பின்னர் பொருத்தப்பட்டது.

கிணத்துக்கடவு அருகே கோதவாடியில் ஒரு பழைய குளம் இருக்கிறது. பெரிய குளம். மழையை மட்டும் நம்பி அது நிறைவது அரிது. பரம்பிக்குளம்–ஆழியாறு உபரித் தண்ணீரை அதற்கு விட வேண்டும் என்று சுற்று வட்டார உழவர்கள் ஆண்டுக்கணக்கில் மனுக் கொடுத்து வந்தார்கள். விட்டால் சுற்றிலும் இருக்கும் கிணறுகளும் ஆழ்துளைகளும் பிழைக்கும். ஜூன் பிறந்து வால்பாறைப் பக்கம் மழை பிடித்துவிட்டால், இங்கே டீக்கடையில் தினத்தாளை விரிப்பவர்கள் தலைப்புச் செய்தியைத் தாண்டி உள்பக்கத்து அணை மட்டத்துக்குப் போவார்கள். சோலையாறு 160க்கு எவ்வளவு, பரம்பிக்குளம் 72க்கு எவ்வளவு, ஆழியாறு 120க்கு எவ்வளவு என்று ஒருவர் சத்தமாகப் படிப்பார். சோலையாறு நிரம்பிவிட்டது என்று தெரிந்தால் அடுத்த கேள்வி, இந்த முறை எந்த மண்டலம் என்பது.